பாலத்தைக் காணோம்!

சரித்திரப் படத்துக்குக் கோடி கோடியாகக் கொட்டும் ஹாலிவுட்காரர்களுக்கு, ஒரு சரித்திரப் புத்தகம் வாங்கக் காசில்லையா?

புத்தகத்துக்குக் காசு இருந்தது, பாலத்துக்குத்தான் இடமில்லை! 'பிரேவ்ஹார்ட்' (1995) படத்தில் ஸ்டிர்லிங் பாலப் போர் வருமே, அதில் பாலம் எங்கே? திறந்த வெளியில் இரண்டு படையும் ஓடிவந்து மோதும். 1297-ல் நடந்ததோ வேறு. இரண்டு குதிரைகள் மட்டுமே அருகருகே போகக்கூடிய குறுகலான மரப்பாலம். ஆங்கிலேயப் படையில் ஒரு பகுதி கடக்கும்வரை பொறுத்திருந்து, பாலத்தின் முனையை மறித்தார்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். கடந்தவர்களுக்குத் திரும்ப வழியில்லை, எதிர்க்கரையில் நின்றவர்களுக்கு உதவிக்கு வர வழியில்லை. பெரிய படை தோற்றது அப்படித்தான். அந்தப் போரின் கதாநாயகனே பாலம்தான். இடுக்கில் நடக்கும் யுத்தம் அகலத் திரையை நிரப்பாது என்று நினைத்தார்களோ என்னவோ, அவனையே வெட்டிவிட்டார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். படத்தின் நாயகனான ஸ்காட்லாந்துத் தலைவர் வாலஸின் காதலியாக வருகிறாரே இளவரசி இஸபெல்லா, வாலஸ் கொல்லப்பட்ட 1305-ல் அவருக்கு ஏறக்குறைய பத்து வயது. பிரான்ஸில் வளர்ந்துகொண்டிருந்த சிறுமி. இங்கிலாந்துக்கு வந்ததே 1308-ல்தான். இந்தப் படத்துக்கு 5 ஆஸ்கர்.