மலையேறும் கார், தேக்கா வரை

சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்த மிக உயரமான இடம் புக்கிட் தீமா. சுமார் 164 மீட்டர். அதன் உச்சிவரை தார்ப்பாதை உண்டு. இந்தத் தீவில்தான் இரண்டாவது குழந்தை பிறந்ததும் குடும்பங்கள் ஃபோர் வீல் டிரைவ் தேடுகின்றன.

குழந்தையின் தள்ளுவண்டி வைக்க இடம் வேண்டுமாம். நியாயம்தான். ஆனால் ஏழு பேர் அமரும் பல வண்டிகளில் மூன்றாம் வரிசையை நிமிர்த்திவிட்டால், பின்னால் மிஞ்சுவது இரண்டு மளிகைப் பைக்கான இடம். பாட்டி ஏறினால் தள்ளுவண்டி இறங்க வேண்டும். விற்பனையாளர் சொல்லும் லிட்டர் கணக்கில், கதவை மூடும்போது கைப்பிடி இடிப்பது தெரியாது. தள்ளுவண்டியையே ஷோரூமுக்கு உருட்டிச் சென்று ஏற்றிப் பார்ப்பவர்தான் விவரமானவர்.

விலையா? 1990இல் வந்த சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் முறைப்படி, கார் வைத்திருக்கும் உரிமை பத்தாண்டுக்கு மட்டும். பெரிய கார்களுக்கு அந்த உரிமையே 2023 அக்டோபரில் 150,000 வெள்ளியைத் தாண்டியது. கார் தனி.

“மலேசியாவுக்குப் போக உதவுமே” என்பார்கள். ஜொகூர் பாலத்து நெரிசலில் நான்கு சக்கரங்களும் ஒற்றுமையாக நிற்கும், அவ்வளவுதான்.

ஞாயிறு மாலை தேக்கா பக்கம் சையது ஆல்வி சாலையில் இந்த மலையேறி பார்க்கிங் தேடிச் சுற்றும்போது, கைக்குழந்தையோடு பேருந்திலும் ரயிலிலும் வந்த எத்தனையோ பேர் முஸ்தஃபா கடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். 2017 ஏப்ரல் முதல் பொதுப் பேருந்துகளில் தள்ளுவண்டியை மடக்காமலே ஏற்றலாம். லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் லிஃப்டும் இருக்கிறது.