மாடியறைப் பெண்ணின் தரப்பு

கேள்வி: பழைய செவ்வியல் நாவல்களையே இன்றைய எழுத்தாளர்கள் திருப்பி எழுதுகிறார்களே, சொந்தச் சரக்கு தீர்ந்துவிட்டதா?

பதில்: சரக்கு தீர்ந்தவரால் இந்த வேலையைச் செய்யவே முடியாது. சார்லட் பிராண்டி எழுதி 1847இல் வந்த ‘ஜேன் அயர்’ நாவலில், நாயகன் ராச்செஸ்டரின் முதல் மனைவி பெர்த்தா, மாடியறையில் பூட்டிவைக்கப்பட்ட பைத்தியம். அவளுடைய கடந்த காலத்தைப் புருஷன் வாயால்தான் கேட்கிறோம். ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதலாமா? கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ், 1966இல் ‘வைட் சர்காசோ சீ’ எழுதி அவளைப் பேச வைத்தார். அதில் அவள் பெயர் அந்த்வானெத். 30,000 பவுண்ட் சீதனத்தை வாங்கிக்கொண்ட கணவன், அவள் பெயரையும் பிடுங்கிவிட்டு பெர்த்தா என்று கூப்பிடுகிறான். அவனுக்கோ ரீஸ் நாவல் முழுக்கப் பெயரே வைக்கவில்லை. அடடா, என்ன பதிலடி!

மூல நூலின் தோளில் ஏறி நிற்கிறது என்று குறை சொல்வார்கள். ‘ஜேன் அயர்’ படிக்காதவருக்கும் கரீபியத் தீவுகளின் வெக்கையும், சிறுவயதில் கண்ணெதிரே எரிந்துபோகும் அவள் வீடும் உறைக்கத்தான் செய்யும். மூலத்துக்கு இழுக்கு என்பதும் பொருந்தாது. ரீஸைப் படித்த கையோடு சார்லட் பிராண்டியை எடுத்துப் பாருங்கள்: மாடியிலிருந்து வரும் அந்தச் சிரிப்பு முன்பு மிரட்டியது, இப்போது நெஞ்சைப் பிசைகிறது. பிராண்டி எழுதியதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.