பன்னிரண்டரை மணி எழுத்தாளர்

பகல் 12.32-க்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு புத்தக அட்டை வந்து விழுந்தால், அனுப்பியது யாரென்று பார்க்க வேண்டியதில்லை. அவர்தான். கோட்டு போட்டுக் கைகட்டி நிற்பார். பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள் இருக்கும், நம்ம ஊர்க் கட்டடங்கள் அல்ல. கீழே, ‘இன்று முதல் ஐந்து நாட்கள் மட்டும் இலவசம்! உடனே டவுன்லோடு செய்து, படித்து, அஞ்சு ஸ்டார் தந்து ஆதரிக்கவும்!’ என்று இருக்கும். இதில் ‘படித்து’ என்பது கல்யாணப் பத்திரிகையில் ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று போடுவதைப் போல. யாரும் மெனக்கெட வேண்டாம்.

பன்னிரண்டரைக்கு ஒரு காரணம் உண்டு. அமேசான் கிண்டிலில் சொந்தமாக மின்னூல் போடுகிறவர், ‘இதை மின்வடிவில் வேறெங்கும் தரமாட்டேன்’ என்று 90 நாளைக்கு ஒப்புக்கொண்டால், அதில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்க அனுமதி கிடைக்கும். அந்த நாள் பிறப்பது அமெரிக்க மேற்குக் கரையின் நள்ளிரவில். நமக்கு அது பகல் பன்னிரண்டரை. குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டால் ஒன்றரை. ஆக, ஊரே சாப்பாட்டில் கை வைக்கிற நேரத்தில்தான் இவருடைய நூல் வெளியீட்டு விழா.

இதில் அவருக்கு ஒரு தீராத சங்கடம். புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். ஞாயிற்றுக்கிழமை அதே நேரம் எமகண்டம். நவம்பரில் அங்கே கடிகாரம் மாறிவிட்டால் வியாழனை ராகு பிடித்துக்கொள்வார், சனிக்கிழமையை எமன். சியாட்டில் நேரத்தையும் பாம்புப் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் குறிக்கிற அந்த உழைப்பில் பாதியைப் புத்தகத்துக்குள் காட்டியிருந்தால் நானே காசு கொடுத்து வாங்கியிருப்பேன்.

புத்தகம் என்றால் என்ன புத்தகம்? ‘தயிர்சாதத்திலிருந்து தலைமைப் பண்புக்கு’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வார நாட்களில் இன்சூரன்ஸ், சனிக்கிழமைகளில் மனை விற்பனை, ஞாயிறுகளில் வாழ்க்கைப் பயிற்சி. நடுவில் புத்தகம். மொத்தம் 34 பக்கம். சமர்ப்பணம், ஆசிரியர் படம், ஆசிரியர் பற்றி ஆசிரியரே வேறொருவர் மாதிரி எழுதிய குறிப்பு, வாட்ஸ்ஆப் எண் எல்லாம் முடிந்து முதல் அத்தியாயத்தின் முதல் வரியைப் பிடிப்பதற்குள் ஒன்பதாம் பக்கம் வந்துவிடும்.

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழு தண்ணீர் லாரிக்கும் லிஃப்ட் ரிப்பேருக்கும் ஏற்பட்டது. அதில் ஒருநாள்:

“சி பிளாக்ல சொட்டுத் தண்ணி இல்ல. மோட்டார் போட்டாச்சா?”

அடுத்த செய்தி, புத்தக அட்டை.

செயலாளர் பொறுமைசாலி. “சார், இது மெயின்டெனன்ஸ் குரூப்.”

“புரியுது சார். ஆனா அஞ்சாவது சேப்டர்ல, பிரச்சினையை வாய்ப்பா மாத்துறது எப்படின்னு எழுதியிருக்கேன். சி பிளாக்குக்கு ரொம்ப யூஸ்ஃபுல்லா இருக்கும்.”

அனுப்புவதோடு விட்டால் பரவாயில்லை. லிஃப்டில் மாட்டுவீர்கள். “சார், டவுன்லோடு பண்ணிட்டீங்களா?” பண்ணுகிறேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. “இப்பவே பண்ணிடலாம் சார், போனைக் கொடுங்க” என்று உங்கள் கையிலிருந்தே வாங்கி, மூன்றாவது மாடி வருவதற்குள் இறக்கி, நட்சத்திரத்தையும் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எங்கள் காவலாளி ஒடிசாக்காரத் தம்பி. தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர் போனில் தலைமைப் பண்பு இருக்கிறது. இஸ்திரி போடுகிற அக்காவின் போனில் இருக்கிறது. அவர் மகள் ஆன்லைன் வகுப்புக்கு வைத்திருக்கும் போனிலும் இருக்கிறது.

நட்சத்திரம்தான் அவருக்கு மூச்சு. குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் மதிப்புரை எழுதக் கூடாது என்று அமேசான் விதியே வைத்திருக்கிறது. அந்த விதிப்படி பார்த்தால் இவருக்கு வாசகர்களே மிஞ்சமாட்டார்கள். முதல் மதிப்புரை, நூல் வெளிவந்து கால் மணி நேரத்தில் சகலை எழுதியது: ‘ஒரே மூச்சில் படித்து முடித்தேன். வாழ்க்கையே மாறிவிட்டது.’ கால் மணி நேரத்தில் ஒரு வாழ்க்கை மாறியது பெரிய விஷயம்தான். இரண்டாவது மதிப்புரை சித்தப்பா. அவர் அதுவரை அமேசானில் மிக்ஸி ஜார் மட்டும் வாங்கியவர். ‘நல்ல தரம். பேக்கிங் நன்றாக இருந்தது. சொன்ன தேதிக்கு முன்பே வந்துவிட்டது’ என்று எழுதி அஞ்சு நட்சத்திரம் போட்டிருந்தார்.

அப்புறம் ஒருநாள் எவரோ ஒரு பாவி நாலு நட்சத்திரம் போட்டுவிட்டார். விமர்சனம் கிடையாது, பெயர் கிடையாது, நாலு மட்டும். வீடு இரண்டுபட்டது. மதிப்பெண் போட்டது யாரென்று அந்தத் தளம் காட்டாது என்பது தெரிந்தும் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. போன வருடம் நிலத்தகராறில் முகம் திருப்பிக்கொண்ட மச்சினன் மேல் சந்தேகம் விழுந்தது. அவர் சத்தியம் செய்தார்: “மாமா, நான் உங்க புக்கைத் தொடவே இல்ல.” அந்தப் பதில் நாலு நட்சத்திரத்தைவிடக் கூடுதலாக வலித்ததாகக் கேள்வி. இந்த வருடப் பொங்கலுக்கும் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

இதற்கெல்லாம் பலன் மூன்றாம் நாள் தெரியும். ‘நம்பர் 1 பெஸ்ட் செல்லர்’ என்று ஸ்கிரீன்ஷாட் வரும். கிண்டிலில் காசுக்குப் போகும் நூல்களுக்கு ஒரு பட்டியல், இலவச நூல்களுக்குத் தனிப் பட்டியல். ஒவ்வொன்றுக்குள்ளும் பிரிவு, பிரிவுக்குள் உட்பிரிவு. ஆள் நடமாட்டம் இல்லாத உட்பிரிவாகப் பார்த்து நூலைச் சேர்த்துவிட்டால் பத்து இருபது பேர் இறக்கினாலே முதலிடம் கிடைத்துவிடும். தலைமைப் பண்பு நூலை அவர் எந்த உட்பிரிவில் வைத்திருந்தார் என்று தேடிப் பார்த்தேன். கால்நடை வளர்ப்பு. இரண்டாம் இடத்தில் வெள்ளாடு இருந்தது. பட்டியல் அடிக்கடி மாறுவது, முதலிடத்துக்கு வந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் படம் பிடித்தாக வேண்டும். அதற்காக இரவெல்லாம் விழித்திருந்திருக்கிறார். பிடித்துவிட்டால் பட்டம் ஆயுளுக்கும் நிற்கும். ஒரு பிரதிகூட விற்காமல் விற்பனையில் முதலிடம். விசிட்டிங் கார்டில் ஏறியது, காரின் பின்கண்ணாடியில் ஏறியது. அக்கா மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்குப் பக்கத்தில், பி.காம். இருக்க வேண்டிய இடத்தில், ‘பெஸ்ட் செல்லிங் ஆத்தர்’ என்று அச்சாகிவிட்டது.

சரி, புத்தகத்தை இலவசமாகக் கொடுத்து வேறெதையாவது விற்பது பாவமா? இல்லை. பிரான்சில் மிஷ்லின் சகோதரர்கள் 1900-இல் கார்க்காரர்களுக்கு ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். நாலு இடம் சுற்றினால் டயர் தேயும், டயர் தேய்ந்தால் நம்மிடம் வாங்குவார்கள் என்பதுதான் கணக்கு. ஆனால் அந்தக் கையேட்டில் பெட்ரோல் எங்கே கிடைக்கும், டயரை எப்படிக் கழற்றி மாட்டுவது, எந்த ஊரில் தங்கலாம் என்று உருப்படியான சங்கதி இருந்தது. நம்மவர் மேடையில் அடிக்கடி இழுக்கிற மார்க்கெட்டிங் எழுத்தாளர் சேத் கோடினும் 2000-ஆம் ஆண்டில் தம்முடைய நூல் ஒன்றை முழுசாக இணையத்தில் இலவசமாக விட்டார், அதற்குப் பிறகு அச்சுப் புத்தகமும் விற்றது. இந்த இரண்டு கதையிலும் கொடுத்த பொருளில் சரக்கு இருந்தது என்கிற பகுதியை மட்டும் நம்மவர் விட்டுவிடுவார்.

அவருடைய வழி வேறு. ஒவ்வொரு அத்தியாயமும் முக்கியமான இடத்தில் நிற்கும். ‘அந்த ஏழு ரகசியங்கள் என்னென்ன? ஞாயிறு காலை 11 மணி வெபினாரில் சந்திப்போம்.’ பக்கத்தில் கியூஆர் கோடு. வெபினாருக்கு 99 ரூபாய். போனால் அங்கே மூன்று ரகசியம்தான் சொல்வார்கள், மிச்சம் நாலு 4,999 ரூபாய்ப் பயிற்சியில். முழுப் பணமும் கட்டியவர் ஒருவரைக் கேட்டேன். ஏழாவது ரகசியம், ‘நீங்களும் ஒரு மின்னூல் எழுதுங்கள்.’

இப்படித்தான் இவர்கள் பெருகுகிறார்கள்.

நூலைப் படித்த ஒருவன் என்கிற முறையில் ஒருநாள் அவரிடம் பேசினேன். “சார், 23-ஆம் பக்கத்துல இருக்கிற பத்தி அப்படியே 27-லயும் வந்திருக்கு” என்றேன். அவர் முகத்தில் வந்தது கோபமோ வெட்கமோ அல்ல, பீதி. “நீங்க... படிச்சீங்களா?” என்றார். “உள்ள போய்ப் படிச்சீங்களா?” அதுவரை அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சார், கிண்டில் அன்லிமிடெட் சந்தா வச்சிருக்கீங்களா? இருந்தா ஒரு உதவி. அதுல படிக்கிற பக்கத்துக்குத்தான் எனக்குக் காசு. கடைசிப் பக்கம் வரைக்கும் விரலால தள்ளிவிட்டுடுங்க, போதும்.”

அவரைத் திட்டிக்கொண்டே இருக்கவும் மனசு வரவில்லை. அவருடைய அம்மாவுக்குச் செல்போன் பார்த்தால் கண் வலிக்கும். அதனால் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் 34 பக்கத்தையும் அச்செடுத்து, ஸ்பைரல் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மாள் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், தினமும் மத்தியானம் எடுத்துப் படிக்கவும் செய்கிறார். 23-ஆம் பக்கமும் 27-ஆம் பக்கமும் ஒன்று என்பதை எனக்கு முன்னால் கண்டுபிடித்தவர் அவர்தான். ‘நல்ல விஷயம்னா ரெண்டு தடவை சொல்லலாம்’ என்று பென்சிலால் ஓரத்தில் எழுதியிருக்கிறார். மகனுக்குள்ளும் எழுத வேண்டும் என்ற ஆசை எப்போதோ இருந்திருக்கிறது. புத்தகத்தில் நாலாம் அத்தியாயத்தில் அப்பாவின் சைக்கிள் கடையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் வருகிறது. அதில் ஒரு கியூஆர் கோடும் இல்லை. நன்றாக இருக்கிறது. அது தனியாக வந்திருந்தால் நாலு பேரிடம் நானே கொடுத்திருப்பேன்.

ஆனால் என் புகார் புகார்தான். கிண்டிலுக்குத் தமிழ் வந்தது 2016 இறுதியில். அதற்கு முன்பே, 2013 முதல், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தன்னார்வலர்கள் யாருடைய போன் எண்ணையும் கேட்காமல் மின்னூல்களை இலவசமாகக் கொடுத்து வருகிறார்கள். பதிப்பகம் கிடைக்காமல், நாவலைத் தாமே தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, மனைவி நகையை அடகு வைக்காமல் வெளியிட முடிகிறதே என்று நிம்மதியாக ஏற்றிய எழுத்தாளர்கள் எத்தனையோ பேர். அந்த நாவலைத் தேடிப் போகிறவனுக்கு இன்றைக்கு முதலில் கண்ணில் படுவது கைகட்டி நிற்கும் கோட்டுகள்தான். 2023 செப்டம்பரில், ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று புது நூலுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று கிண்டில் வரம்பு கட்டியது. ஒரு நாவலுக்கு மூன்று வருடம் எடுத்துக்கொள்கிறவருக்கு அதனால் என்ன நஷ்டம்? நம்மவர்தான் அன்று முழுக்க ‘படைப்புச் சுதந்திரம்’ பற்றி நிலைத்தகவல் போட்டுக்கொண்டிருந்தார்.

வேறெங்கும் தரமாட்டேன் என்று 90 நாளைக்குக் கையெழுத்துப் போட்ட அதே நூலை, தன் தளத்தில் பிடிஎஃப் ஆகவும் வைத்திருப்பார். அதற்குக் காசு வேண்டாம், பெயரும் போன் எண்ணும் போதும். எண் போன அன்றைக்கு இரவு ஒரு பெண் குரல் அழைக்கும், “சார், நீங்க வெற்றிக்குத் தயாரா?” மறுநாள் மனை, அதற்கு மறுநாள் மெடிக்ளைம். சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தது. நான் எந்தப் பிடிஎஃபும் கேட்டதில்லை. என் எண்ணை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

கொடுத்தது எதற்கென்று பிறகு தெரிந்தது. ‘நண்பர்கள் மூவரின் எண்ணைத் தந்தால் இரண்டாம் பாகம் இலவசம்’ என்று ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் அந்தச் செய்தி வரும். நூலை இறக்கிக்கொள்ளுங்கள், அஞ்சு நட்சத்திரமும் போடுங்கள், அந்த அம்மாளுக்காகவாவது. இரண்டாம் பாகமும் வேண்டுமென்றால் அது உங்கள் இஷ்டம். அந்த மூன்று பேரில் தயவுசெய்து என்னைச் சேர்க்காதீர்கள்.