பொருளடக்கம் அண்ணன்

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் சோறு வருவதற்கு முன்னால் நிறைய நடக்கும். நுனி இடப்பக்கம் இருக்கும்படி இலை விழும். தண்ணீர் தெளிப்பார்கள், உப்பு வைப்பார்கள். இனிப்பு, பச்சடி, கறி, கூட்டு என்று ஓரமெல்லாம் நிறைந்த பிறகுதான் நடுவில் சோறு. கட்டற்ற மென்பொருளுக்குத் தமிழில் கையேடு எழுதப் புறப்படும் ஒவ்வொரு குழுவிலும், இலை போடுவதில் மட்டும் கெட்டிக்காரரான ஒருவர் இருக்கிறார். 32 அத்தியாயத்துக்கும் இலைகளை நூல் பிடித்தாற்போல் போட்டு, அத்தனையிலும் உப்பை வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்வார். சோறு விழவேண்டிய இடத்தில் 'இப்பகுதி விரைவில் நிரப்பப்படும்' என்ற வாசகம் இருக்கும். அவரைப் பொருளடக்கம் அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் வைத்த பெயர் குழுவுக்குக் குழு மாறும், ஆள் மாறுவதில்லை.

வார நாள்களில் அண்ணன் பெங்களூரிலோ சென்னையிலோ கணினி வேலையில் இருப்பார். இல்லாவிட்டால் டெல்டாவில் ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துவார். ஞாயிற்றுக்கிழமை மாலை டிகிரி காபி உள்ளே இறங்கியதும் பொதுநலம் மேலே ஏறும். முதல் காரியம் ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் கூட்டம் சேர்ந்துவிட்டால் பேச முடியாது என்று செயற்குழுவுக்குத் தனியாக ஒன்று. செயற்குழுவிலேயே சிலரை விட்டுவிட்டுப் பேச வேண்டியிருப்பதால் மூன்றாவது ஒன்று. பிறகு கையேட்டுக்குச் சின்னம் வரையும் போட்டி. பெரிய கோயில் விமானத்தின்மேல் லினக்ஸ் பெங்குவின் உட்கார்ந்திருக்கும் படம் பரிசு பெறும். அடுத்தது கலைச்சொல். டவுன்லோட் என்பது பதிவிறக்கமா, தரவிறக்கமா? இலங்கைத் தமிழர்கள் தரவிறக்கம் என்கிறார்கள், இங்கே பதிவிறக்கம் ஓடுகிறது, இரண்டுக்கும் இலக்கணம் சொல்ல ஆள் இருக்கிறது. இந்த வழக்கில் இரண்டு ஞாயிறு போகும். மூன்றாம் ஞாயிறு, கிளிக் என்பதைச் சொடுக்குவதா, அழுத்துவதா, தட்டுவதா என்பதற்கு. இத்தனைக்கும் நடுவே விவரம் தெரியாத கல்லூரிப் பையன் ஒருவன் உண்மையாகவே இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிடுவான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பதுபோல் அண்ணன் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பார். நெல்லுக்காவது 17 சதவீதம் வரை இடமுண்டு. "நல்லா இருக்கு தம்பி, நடை விதிகள் முடிவானதும் எடுத்துக்கலாம்" என்ற பதிலோடு பையனின் மூட்டை முற்றத்தில் கிடக்கும். மழை வந்து முளைக்கும்.

இவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் அது உண்மை இல்லை. குழுவிலேயே அதிகம் தூக்கம் கெட்டவர் அவர்தான். எழுத ஆள் இல்லாதது உலகம் முழுக்க இருக்கும் வியாதி. கிட்ஹப் நிறுவனம் 2017இல் நடத்திய கணக்கெடுப்பில் கலந்துகொண்டவர்கள் ஏறக்குறைய 5,500 பேர். அவர்களில் 93 சதவீதத்தினர், அரைகுறையான அல்லது காலாவதியான கையேடுகளை எதிர்கொண்டதாகச் சொன்னார்கள். மென்பொருளுக்குப் பங்களிப்பவர்களில் 60 சதவீதத்தினர், கையேட்டின் பக்கம் எப்போதாவதுதான் போவோம், அல்லது போனதே இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். சாம்பாரில் உப்பில்லை என்று பந்தி முழுக்கச் சொல்கிறது, உப்புக் கிண்ணத்தை எடுக்க எவரும் எழுந்திருக்கவில்லை. இந்த நிலையில் எழுந்து நின்ற ஒருவர் அண்ணன். எழுந்தவர் ஏன் எதையும் பரிமாறாமல் உட்கார்ந்துவிட்டார் என்பதுதான் கேள்வி. அவர் கையேட்டைக் கல்லணை என்று நினைத்துவிட்டார் என்பது என் பதில். ஒருமுறை பெரிதாகக் கட்டிவிட்டால் கரிகாலன் பெயர்போலத் தன் பெயரும் நிற்கும் என்ற ஆசை. கல்லணை கட்டியவனுக்குப் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் வாய்க்காலில் இறங்கி மண் அள்ளியவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. ஆனால் தண்ணீர் வயலுக்கு வந்தது அவர்களால்தான்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்குள் தூர் வாராவிட்டால் தலைமடையில் தண்ணீர் நுரைத்து ஓடும். கடைமடையில் வாய்க்கால் வெடித்துக் கிடக்கும். பழைய காலத்தில் இதற்குக் குடிமராமத்து என்று ஓர் ஏற்பாடு இருந்தது. பாசனம் பெறும் குடிகள் ஆளுக்கொரு பங்காய் உழைத்துத் தங்கள் வாய்க்காலைத் தாங்களே சீர்செய்வார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அந்த வழக்கம் தளர்ந்தபோது, 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று சென்னை மாகாணத்தில் வந்தது. சட்டம் வந்தது, வழக்கம் திரும்பவில்லை. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் போட்டு, பணம் ஒதுக்கி, மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. அண்ணன் வைத்திருக்கும் எக்செல் தாள் அந்த 1858 சட்டத்தின் எள்ளுப்பேரன். இடப்பக்கம் அத்தியாயம், வலப்பக்கம் பெயர், அதற்கும் வலப்பக்கம் கெடு. கெடு தாண்டினால் கட்டம் சிவப்பாகும். ஆறு மாதத்தில் தாள் முழுக்க மிளகாய் காயப்போட்ட களம்போல் சிவந்துவிடும். சம்பளம் இல்லாமல் வந்தவனைச் சிவப்புக் கட்டம் என்ன செய்யும்? அவன் ஓசைப்படாமல் குழுவிலிருந்து வெளியேறுவான். அண்ணன் அந்த இடத்தில் புதிய பெயர் ஒன்றை நிரப்புவார்.

மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும்போது எழுதி என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. உபுண்டு ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், புதிய பதிப்பை வெளியிடுகிறது. எழுதி முடித்த மை காயுமுன் பொத்தான் வேறு மூலைக்குப் போய்விடும். நியாயமான கவலைதான். ஆனால் அடுத்த வெள்ளத்தில் மறுபடி மண் வந்து படியும் என்று தெரிந்தும் டெல்டாவில் தூர்வாராமல் இருப்பதில்லை. வண்டல் வருவது ஆறு உயிரோடிருப்பதற்கு அடையாளம். 11ஆம் வகுப்புக் கணினிப் பாடநூலில் 2018இலேயே உபுண்டுவும் ஓப்பன் ஆபீஸும் இடம்பெற்றுவிட்டன. படிக்க ஆள் இல்லை என்ற சமாதானமும் ஆகவே செல்லாது. வாசகர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தேவை 32 அத்தியாயம் இல்லை. பழுதில்லாத ஒரு பக்கம்.

அந்த ஒரு பக்கம் எங்கே முறிகிறது என்று பார்த்தால் அண்ணனின் சிக்கல் விளங்கிவிடும். கல்லணைக் கால்வாயின் கடைமடையான பேராவூரணிப் பக்கம் ஓர் ஆசிரியை, உபுண்டு கணினியில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து வினாத்தாள் அடிக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐபஸ்-எம்17என் என்ற பொதியை நிறுவ வேண்டும். அதுவரை எல்லாக் கையேடும் சொல்லும். நிறுவியதும் ஒருமுறை கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். எழுதியவர் இதை விட்டுவிடுவார், ஏனென்றால் அவர் விரல் தானாகவே அதைச் செய்துவிட்டது. ஆசிரியை மொழிப் பட்டியலைத் திறக்கிறார்; தமிழ்99 அங்கே இல்லை. பட்டியலின் அடியில் மூன்று புள்ளிக்குப் பின்னால் இன்னும் பல மொழிகள் ஒளிந்திருப்பதையும் யாரும் சொல்லவில்லை. கணினியே சரியில்லை என்று முடிவுகட்டி மூடிவைக்கிறார். தலைமடையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குமேல் ஒழுங்காக வந்த தண்ணீரை, ஒரு முழம் மண் அடைத்துவிட்டது. தான் கட்டிய மதகில் தண்ணீர் பளபளவென்று விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணனுக்கு இந்த மண் தெரிய வழியில்லை. தெரிய வேண்டுமானால் மதகுத் திறவுகோலையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு கரையோரமாகவே நடந்துபோகும் நீர்வளத் துறை லஸ்கர்போல் அவர் கடைசிவரை நடக்க வேண்டும். அதாவது, ஒன்றும் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, அவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்று பார்க்க வேண்டும். வாயை மூடிக்கொள்வது அண்ணனுக்குச் சிரமம்.

அப்படியானால் திட்டமே வேண்டாமா, ஆளுக்கொரு பக்கம் எழுதினால் குப்பைமேடு ஆகிவிடாதா என்று அண்ணன் தரப்பில் கேட்கலாம். கேட்டுவிட்டுப் பெரிய கோயிலைக் காட்டலாம். ராஜராஜன் ஆணையிட்டதால்தானே அத்தனை கல்வெட்டு? உண்மை. தானும், தமக்கை குந்தவையும், தேவியரும், மற்றவர்களும் கொடுத்தவற்றை விமானத்தின் கல்லில் வெட்டும்படி தன் 26ஆம் ஆட்சியாண்டில் அவன் ஆணையிட்டான். ஆனால் அந்தக் கல்லில் ஏறியிருப்பதைக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். நகைகளைப் பற்றிச் சொல்லும்போது எடை மட்டும் வரவில்லை. எந்த நிறைக்கல்லால் நிறுத்தது என்று வருகிறது. வைரங்களில் எது புள்ளி விழுந்தது, எது கீறியது என்றுகூட வருகிறது. மன்னன் கொடுத்த வைரத்தில் கீறல் இருந்ததை மன்னன் கோயில் சுவரிலேயே எழுதிவைத்தார்கள்! மென்பொருள்காரர்கள் அறிந்த குறைகள் என்று ஒரு பட்டியல் போட வெட்கப்படுகிறார்களே, அவர்கள் ஒருமுறை தஞ்சாவூர் வந்து போகலாம். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, பங்குக்கு 100 கலம் நெல் என்று எல்லாம் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொரு விதி. பங்கு பெறுபவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த உறவினர் அந்தப் பணியைச் செய்து பங்கைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லாவிட்டால் தகுதியுள்ளவரைத் தேர்ந்து நிறுத்த வேண்டும். கல்லில் வெட்டும்போதே, ஆள் போய்விடுவான் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அண்ணனின் குழுவிலோ கடவுச்சொல் அவருக்கு மட்டுமே தெரியும். அவர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனால் கையேடும் கூடவே போகிறது.

தமிழில் இது நடக்காத காரியம் என்று எவராவது பெருமூச்சு விட்டால் அதற்கும் பதில் உண்டு. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதும் கணியம் 2012இல் மின்னிதழாகத் தொடங்கியது. த.சீனிவாசனும் உடனிருந்தவர்களும் முதலில் பொருளடக்கத்தை முடித்துவிட்டு எழுத உட்காரவில்லை. கற்றுக்கொண்டவர் கற்றதைக் கட்டுரையாக எழுதினார், கட்டுரைகள் சேர்ந்தன, சேர்ந்தவை நூலாயின. நித்யா துரைசாமியின் 'எளிய தமிழில்' வரிசை அப்படி வந்ததுதான். அவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்தன. யாரும் நகலெடுத்துக் கொடுக்கலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். பதிவிறக்கமா தரவிறக்கமா என்பது தீராமலே மக்கள் அவற்றை இறக்கிக்கொண்டார்கள். இனி இயந்திரமே எழுதிவிடும், மனிதர் எதற்கு என்பவர்களுக்கும் அந்த ஆசிரியையைத்தான் காட்ட வேண்டும். எழுதப்பட்டதைத் திரட்டித் தர இயந்திரத்தால் முடியும். அவர் எந்த இடத்தில் கணினியை மூடினார் என்பதை யாரும் எங்கும் எழுதியிருக்கவில்லையே.

அண்ணனை ஊரைவிட்டு அனுப்பச் சொல்லவில்லை. முட்டுக்கட்டை என்று அவரைத் திட்டுகிறவர்கள் திருவாரூர்த் தேரைச் சரியாகப் பார்த்ததில்லை. அந்த 96 அடித் தேர் வீதி முனையில் திரும்புவது சக்கரத்தடியில் போடும் முட்டுக்கட்டையால்தான். ஆனால் அதைப் போடுகிறவர் தேர்க்காலோடு ஒட்டி, புழுதியில், தலையைக் குனிந்தபடி ஓடுகிறார். மொட்டை மாடியில் நின்றுகொண்டு வரைபடம் காட்டுவதில்லை. வரிசை தெரிந்தவர், விடாப்பிடிக்காரர், ஞாயிற்றுக்கிழமையைத் தியாகம் செய்யத் தயங்காதவர். இப்படி ஒருவர் கிடைப்பது அரிது. மூன்றாவது வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிட்டு, முற்றத்தில் கிடக்கும் பையனின் மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் போதும். ஆகவே அண்ணே, நடை விதிகள் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கட்டும். 17ஆவது அத்தியாயம், விசைப்பலகை, மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவில் ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: ஒருமுறை வெளியேறி, மறுபடி உள்ளே வாருங்கள்.