ஒண்ணுமே பண்ணாதவர்

இரவு பத்தேகாலுக்கு போன் அடித்தால், எடுப்பதற்கு முன்பே ஐ.டி. தம்பிக்கு முதல் வரி தெரியும்.

"தம்பி, நான் ஒண்ணுமே பண்ணல. அதுவா லாக் ஆயிடுச்சு."

ஒரகடத்தில் உதிரிபாகம் செய்கிற எந்தக் கம்பெனிக்குள் போனாலும் இவர் இருப்பார். பிளானிங்கிலோ டிஸ்பாட்சிலோ இருபது வருஷ சர்வீஸ். வீடு படப்பை, மணிமங்கலம், முடிச்சூர்ப் பக்கம். 2020 மார்ச் ஊரடங்கின்போது கையில் ஒரு லேப்டாப்பைக் கொடுத்து அனுப்பினார்கள். ஊரடங்கு போய்விட்டது, லேப்டாப் போகவில்லை. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்து வீடு சேர்ந்து, சட்டையைக் கழற்றி மாட்டியதும் இரண்டாவது ஷிஃப்ட் ஆரம்பம்.

"ஸ்க்ரீன்ல ஏதாவது வந்துச்சா சார்?"

"ஏதோ ஒண்ணு வந்துச்சு. குளோஸ் பண்ணிட்டேன்."

"என்னன்னு போட்டிருந்துச்சு?"

"படிக்கல. குளோஸ் பண்ணிட்டேன். வேற ஒண்ணும் பண்ணல."

"இன்னைக்குத்தான் வந்துச்சா?"

"இல்லையே, பத்து நாளா தினம் வருது."

பாஸ்வேர்டு காலாவதியாகப் போகிறது என்ற எச்சரிக்கை அது. பத்து நாளும் சலிக்காமல் மூடியிருக்கிறார். மூடுவதெல்லாம் இவர் கணக்கில் ஒரு காரியமே இல்லை. தப்புப் பாஸ்வேர்டை ஐந்து தரம் தட்டியதும் சேராது. புதுப் பாஸ்வேர்டைத் தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதி வைத்ததும் சேராது. மறுநாள் காலையில் அவருடைய அம்மா அந்தத் தாளைக் கிழித்துவிட்டார், அவ்வளவுதானே.

ஒருமுறை, வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் விபிஎன்னுக்கான ஓ.டி.பி. எண் எதைப் போட்டாலும் தப்பு என்று வந்தது. செயலி காட்டும் அந்த ஆறு இலக்கம் 30 வினாடிக்கு ஒருமுறை மாறும். போனின் கடிகாரத்தை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. கடிகாரம் பிசகினால் எண்ணும் பிசகும். "போன்ல டைம் ஏதாவது மாத்துனீங்களா சார்?" "ஒண்ணும் பண்ணல தம்பி. கம்பெனி பஸ்ஸ விட்டுடக் கூடாதேன்னு அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டா வெச்சிருக்கேன்."

இதைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. ஐ.டி. தம்பியின் தட்டில் பரோட்டா விறைத்துப்போயிருந்தது.

சில இடங்களில் அவர் பக்கமும் நியாயம் உண்டு. காலாவதியான பாஸ்வேர்டை ஆபீஸ் சர்வரில் மாற்றிக் கொடுத்தாலும், வீட்டிலிருக்கும் லேப்டாப்புக்கு அந்தச் சேதி தெரியாது. கடைசியாகத் தான் மனப்பாடம் செய்த பழசைத்தான் கேட்கும். பழசில் லேப்டாப்பைத் திறந்து, புதுசில் விபிஎன்னுக்குள் போய், திரையைப் பூட்டி, மறுபடி புதுசில் திறக்க வேண்டும். "ஒரே பூட்டுக்கு ரெண்டு சாவியா தம்பி?" என்று கேட்டார். தம்பியிடம் பதில் இல்லை.

யாரும் கைவைக்காமல் விட்டால், விண்டோஸ் டொமைனில் பாஸ்வேர்டின் ஆயுள் 42 நாள். ஒரு மண்டலத்துக்கு ஆறு நாள் குறைவு. இப்படி மாற்றிக்கொண்டே இருக்கச் சொன்ன அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டின் வழிகாட்டியை 2003-ல் எழுதிய பில் பர், 2017-ல் அதற்காக வருத்தப்பட்டார். இந்த விவகாரத்தில் 'நான்தான் பண்ணினேன்' என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். அதே ஆண்டு நிஸ்ட் தன் வழிகாட்டியை மாற்றியது. 2019-ல் மைக்ரோசாஃப்ட்டும் விண்டோஸ் 10-க்கான தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து காலாவதி விதியை எடுத்துவிட்டது. சேதி இன்னும் ஒரகடம் வந்து சேரவில்லை. வண்டலூர் தாண்டி டிராஃபிக்கில் நிற்கிறது போலிருக்கிறது.

கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். 2017 மே மாதம் உலகம் சுற்றிய வான்னாக்ரை ரான்சம்வேர், ஒரகடத்து ரெனோ-நிசான் ஆலை வரை வந்து போனது உண்மைதான். ஆனால் அது பரவியது விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாக. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. ஒண்ணுமே பண்ணாமல் விட்ட கணினிகள்தான் சிக்கின. நம்மவரின் பாஸ்வேர்டை ஒன்பதாவது முறை மாற்றினால் அடைபடுகிற ஓட்டை இல்லை அது.

போன மாதம் இவர் கணக்கு மூன்று நாளாக அரை மணிக்கு ஒருதரம் பூட்டிக்கொண்டது. "ஒண்ணுமே பண்ணல" என்றார். தம்பி நம்பவில்லை, கொஞ்சம் குரலையும் உயர்த்திவிட்டார். கடைசியில் பார்த்தால், பேரனுக்குக் கார்ட்டூன் பார்க்கக் கொடுத்த பழைய போன். அதில் விட்டுப்போன ஆபீஸ் மெயில், பழைய பாஸ்வேர்டோடு தானாகவே கதவைத் தட்டித் தட்டிக் கணக்கைப் பூட்டிக்கொண்டிருந்தது. அந்த மூன்று நாளும் மனிதர் நிஜமாகவே ஒண்ணும் பண்ணவில்லை. கேட்டில் நின்ற லாரிகளுக்கான ஸ்டாக் கணக்கை மனப்பாடமாகவே போனில் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார், ஒரு எண் பிசகாமல்.

தம்பி மன்னிப்புக் கேட்டார். "அத விடுங்க தம்பி, சாப்டீங்களா?" என்றார் அவர்.

அடுத்த திங்கள்கிழமை, பத்தேகால். "தம்பி, அன்னைக்கு மாதிரியேதான். கீபோர்டு வேலை செய்யல. நான் ஒண்ணுமே பண்ணல."

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது: "ரசம் கொட்டுனத சொல்லுங்க!"