நட்சத்திரமும் நாற்காலியும்

கேள்வி: பேஸ்பால் அணியை நிர்வகிக்க, முன்னாள் ஆட்டக்காரர் என்ற தகுதி போதுமா?

பதில்: டிக்கெட் விற்கக்கூடப் போதவில்லையே! யாங்கீஸ் நட்சத்திரம் டெரெக் ஜீட்டர் 2017-இல் மயாமி மார்லின்ஸின் தலைமை நிர்வாகியானார். வந்த வேகத்தில் மார்லின்ஸின் நட்சத்திர வீரர் ஸ்டான்டனைத் தன் பழைய அணிக்கே தாரைவார்த்தார். மில்வாக்கி அணிக்கு அவர் அனுப்பிய இன்னொரு வீரர் யெலிச், 2018-இல் நேஷனல் லீகின் சிறந்த வீரர்! மறு ஆண்டு மார்லின்ஸுக்கு 105 தோல்வி. (கிம் ஆங்கை முதல் பெண் பொது மேலாளராக்கியதற்கு மட்டும் ஒரு சபாஷ்.)

பில்லி பீனும் முன்னாள் ஆட்டக்காரர்தான். மட்டை பிடித்தபோது தேறாதவர். ஆனால், பொது மேலாளர் நாற்காலி கிடைத்ததும் மலிவு விலையில் ஆள் பிடித்து, 2002-இல் ஓக்லண்ட் அணியைத் தொடர்ந்து 20 ஆட்டங்கள் ஜெயிக்க வைத்தார். நான் முதலாளியானால் ஜீட்டரிடம் ஆட்டோகிராஃப் வாங்கிக்கொள்வேன். செக் புத்தகத்தை பீனிடம் கொடுப்பேன்.