டப் வைத்த வீட்டுக்காரர்

குளியலறையை இடித்துக் கட்டுகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. சென்னைக்காரர், பி.எஃப். பணம் அண்மையில்தான் கைக்கு வந்தவர். கடைப் பையன் ஷவரைக் காட்டினால், “இது லாட்ஜிலேயே இருக்கேப்பா” என்பார். பாத்டப்பைக் கண்டதும் குரல் தணியும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கிப் படுத்தே பார்ப்பார், கால் முட்டும். “அஞ்சரை அடில கிடைக்குமா?” எட்டுக்கு ஐந்து குளியலறையில் அது எங்கே போகும் என்ற யோசனை பிளம்பருடையது. இவர் டப் வாங்குவது குளிக்க அல்ல என்பது என் கட்சி. கை கழுவப் போன விருந்தாளி, “டப்பெல்லாம் போட்டிருக்கீங்க போல” என்று கேட்கவேண்டும், செலவு அதற்குத்தான்.

கணக்கு என் பக்கம் இருக்கிறது. சாதாரண டப் நிரம்ப சுமார் 150 லிட்டர் பிடிக்கும். நகரவாசி ஒருவருக்குக் குடிக்க, சமைக்க, துவைக்க, கழுவ எல்லாம் சேர்த்தே நாளொன்றுக்கு 135 லிட்டர்தான் மத்திய அரசு வைத்திருக்கும் அளவு. குழாயில் 28 டிகிரியில் வரும் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர, 60 டிகிரி வெந்நீர் 56 லிட்டர் கலக்கவேண்டும். வீட்டிலிருப்பதோ 25 லிட்டர் கீசர். மூன்றாம் முறை அது காய்வதற்குள் முதலில் விட்டது ஆறிப்போகும். ஷவர் மட்டும் யோக்கியமா என்றால், இல்லைதான். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவரடியில் கால் மணி நேரம் பாடிக்கொண்டு நின்றால் அதுவும் ஒரு டப். ஆனால் சோப்புப் போடும்போது அதை மூடிக்கொள்ளலாம். டப்பில் சிக்கனம் பார்த்தால் முழங்கால் இரண்டும் தீவு மாதிரி வெளியே நிற்கும்.

“மூட்டு வலிக்கு வெந்நீரில் ஊறினால் இதம்” என்பார் அவர். இதம்தான், மறுக்கவில்லை. அந்த இதத்தை அடைய, வலிக்கிற அதே மூட்டைத் தூக்கி ஒன்றரை அடி வழுக்குச் சுவரைத் தாண்டவேண்டுமே! வீட்டை விற்கும்போது விலை ஏறும் என்பது தரகரின் வாதம். அது தரகரோடு இருக்கட்டும்.

ஒரு இடத்தில் மட்டும் அவருக்கு நான் விட்டுக்கொடுத்தாக வேண்டும். 2019 ஜூலையில், தண்ணீர்ப் பஞ்சத்தில், ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது டப் வைத்த வீட்டை யாரும் கேலி செய்யவில்லை. லாரி வந்த நாளில் 150 லிட்டர் கூடுதலாகப் பிடித்துவைக்க அங்கேதான் இடமிருந்தது. மழை வந்தபின் அதில் போர்வை ஊறியது. இன்று அந்த டப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் பக்கெட், அதில் மிதக்கும் சிவப்பு மக். தலைக்கு மேலே ஷவரும் உண்டு, அதைத் திறப்பதில்லை. அவர் டப்பில் நின்றபடி மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்கிறார். வீட்டம்மாவுக்கு இதில் குறையே இல்லை: “தரையெல்லாம் தெறிக்காம குளிக்கிறாரே, அதுவே போதும்.”